பட்டம் இல்லாமல் உதவித்தொகையா?

கேள்வி: நான் பட்டம் முடிக்காத பெண். லினக்ஸ் இயங்குதளம் ஓரளவு தெரியும். திறமூல மென்பொருள் (நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள்) வேலைக்குத் தயாராக உதவித்தொகை கிடைக்குமா?

பதில்: தாராளமாக முயலலாம். லினக்ஸ் ஃபவுண்டேஷனின் ‘லிஃப்ட்’ உதவித்தொகைத் திட்டம் 2011இல் தொடங்கியது. கையில் பணம் தராது. பயிற்சியும் சான்றிதழ்த் தேர்வும் இலவசம்.

‘அவுட்ரீச்சி’ என்ற திறமூலப் பயிற்சிப்பணித் திட்டம் வேறு ரகம். வீட்டிலிருந்தே மூன்று மாத வேலை, ஊக்கத்தொகை 7,000 டாலர். விண்ணப்பத்தின் முதல் கட்டம், நீங்கள் சந்தித்த பாகுபாடு பற்றிய கட்டுரைக் கேள்விகள். பலர் சறுக்குவது இங்கேதான். “பெண் என்பதால் ஒதுக்கினார்கள்” என்ற ஒற்றை வரி போதாது. ஆய்வகத்தில் கணினியை யார் பிடுங்கிக்கொண்டார்கள், அதனால் எதைக் கற்க முடியவில்லை என்று எழுதுங்கள். தயங்கவே வேண்டாம், அவர்கள் கேட்பதே அதைத்தான்.

அடுத்து, அவுட்ரீச்சியில் உள்ள ஒரு திறமூல மென்பொருள் திட்டத்துக்குப் பங்களிக்க வேண்டும். சின்ன எழுத்துப்பிழைத் திருத்தத்தில் தொடங்கலாம். செய்ததை அவுட்ரீச்சி தளத்திலும் பதியுங்கள். பதிவில்லாமல் இறுதி விண்ணப்பம் செல்லாது.