பதில்: அம்மாவுடன் பேனர்மன் கோட்டைத் தீவுக்குப் போக முடியுமா?

வணக்கம் சகோதரி. தீபாவளி முடிந்து நவம்பரில் பினாங்கிலிருந்து நியூயார்க் போவதாகவும், அம்மாவுக்கு முட்டிவலி என்றும் எழுதியிருந்தீர்கள். நியூயார்க் நகருக்கு வடக்கே ஹட்சன் ஆற்றில் இருக்கும் அந்தத் தீவுக்குப் படகு மே முதல் அக்டோபர் வரைதான். படகு இருந்தாலும் கரையேறியதும் 72 படிகள். அம்மாவுக்கு வேண்டாம்.

ரயிலிலிருந்தே பார்க்கலாம். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் ஹட்சன் தடத்து ரயிலுக்கு, பீக்கன் ஊர் வரை டிக்கெட் எடுங்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். போகும்போது இடப்பக்க ஜன்னல், அதுதான் ஆற்றுப்பக்கம். கோல்ட் ஸ்பிரிங் நிலையம் தாண்டியதும் கைப்பேசியைத் தயாராக வையுங்கள். ஒரு சுரங்கம் வரும். அதைக் கடந்த சற்று நேரத்தில் தீவு தெரியும். சில நொடிகள்தான், தவறினால் திரும்பும்போது வலப்பக்கம். நவம்பரில் இலை உதிர்ந்திருப்பதால் இடிந்த கோட்டையின் சுவர் நன்றாகவே தெரியும்.

உள்ளே போக முடியாதது பெரிய இழப்பல்ல. 1901இல் ஆயுத வியாபாரி பேனர்மன் கட்டத் தொடங்கிய கிடங்கு அது, அரசர் கோட்டையல்ல. 1920இல் வெடிமருந்து வெடித்தது. 1969 தீயில் கூரையும் தளங்களும் போயின. பிடிமானமில்லாமல் நின்ற சுவர்களில் ஒரு பகுதி 2009இல் சரிந்தது. அதனால் படகில் போகிறவர்களும் வெளியே நின்றுதான் பார்க்கிறார்கள்.