மகுடம் இல்லாத மகாராணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

விக்டோரியா மகாராணி குடும்பத்தின் படங்கள் சிலவற்றைப் பார்த்தேன். 1860 வாக்கில் எடுத்தவை. மகுடம் இல்லை, செங்கோல் இல்லை. வசதியான வக்கீல் வீட்டுக் குடும்பம் போல இருக்கிறார்கள். நம் மகாராஜாக்களோ கழுத்தே தெரியாத அளவுக்கு நகை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விக்டோரியா நிஜமாகவே அவ்வளவு எளிமையானவரா? பகட்டெல்லாம் நம்மவர்களுக்குத்தானா?

ரா.

அன்புள்ள ரா.,

எளிமை என்று நான் சொல்லமாட்டேன். தன் படம் எப்படி வெளியே போக வேண்டும் என்பதில் அந்த அம்மாள் படு கறார்.

1852 ஜனவரி 17 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையில் வில்லியம் கில்பர்ன் என்ற புகைப்படக்காரர் ராணியையும் ஐந்து பிள்ளைகளையும் டாகரோடைப் எடுத்தார். வெள்ளிப் பூச்சுள்ள செப்புத் தகட்டில் நேரடியாக விழும் படம் அது. நெகட்டிவ் கிடையாது, ஒரு தகடு, ஒரே படம். படம் விழும் நேரம் பார்த்து ராணி கண்ணை மூடிவிட்டார். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், நான்தான் கோரம் என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதினார். அதோடு விடவில்லை. தகட்டில் தன் முகம் இருந்த இடத்தைச் சுரண்டியே எடுத்துவிட்டார். பிள்ளைகள் சமர்த்தாகச் சுற்றி இருக்க, நடுவில் அம்மாவின் உடை மட்டும் முழுசாக இருக்கிறது. அதற்கு மேலே வெறும் கீறல். இரண்டு நாள் கழித்து மறுபடியும் படம் எடுக்க உட்கார்ந்தார். இந்த முறை பக்கவாட்டில், முகத்தை மறைக்கும் பெரிய தொப்பியோடு! ஓவியர் என்றால் மூக்கைக் கொஞ்சம் திருத்தச் சொல்லலாம். தகட்டிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

அப்புறம் நிலைமை மாறியது. 1854-இல் பாரிஸில் டிஸ்டெரி என்பவர், ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களை எடுத்து, அச்சிட்டு வெட்டி, விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் ஒட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். படம் மலிந்தது. 1860-இல் மேயால் என்ற புகைப்படக்காரர் அரச குடும்பத்தை இந்த அளவில் எடுத்து, ராணியின் சம்மதத்தோடு விற்பனைக்கு விட்டார். நீங்கள் பார்த்தவை அநேகமாக இவைதான்.

வாங்கியவர்கள் அவற்றைச் சுவரில் மாட்டவில்லை. தங்கள் அத்தை, மாமா படங்கள் இருக்கும் ஆல்பத்திலேயே செருகினார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரி திரைச்சீலை. அந்த வரிசையில் மகுடத்தோடு ஒருத்தி நின்றால் நாடகக்காரி போலத்தான் தெரிவாள். அங்கியும் மகுடமுமாக இருக்கும் ராணியைக் காட்ட எண்ணெய் ஓவியங்கள் அரண்மனை முழுக்க இருந்தன. ஆல்பத்துக்குள் போக வேண்டியவள் குடும்பத் தலைவி. அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு என்றே நினைக்கிறேன்.

தேவைப்பட்டபோது மகுடமும் வந்தது. 1897 வைரவிழாவின் அதிகாரபூர்வப் படத்தில் லேஸ் துணியும் சின்ன வைர மகுடமுமாக இருக்கிறார். படம் என்னவோ 1893-இல், பேரன் கல்யாணத்தை ஒட்டி டவுனி நிறுவனத்தார் எடுத்தது! காப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாமல் வெளியிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொண்டார்கள்.

நம்மவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். நகை போட்டார்கள்தான். தர்பாரில் எப்படி உட்கார்ந்தார்களோ அப்படியே கேமரா முன்னாலும் உட்கார்ந்தார்கள். அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் சவாய் ராம்சிங், 1880-இல் காலமானவர், தானே கேமரா வைத்துப் படம் எடுத்தவர். அந்தப்புரப் பெண்களையும் எடுத்திருக்கிறார். தன்னைத் தானே எடுத்த படம் ஒன்றில் ருத்ராட்சமும் பூஜைச் சாமான்களுமாக, சிவபக்தராக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் ஜெய்ப்பூர் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விக்டோரியா படங்களுக்கு அடுத்ததாக இவற்றைத் தேடிப் பாருங்கள்.