இலக்கியமும் வரலாறும் படிப்பவர்களுக்கு விமர்சனக் கோட்பாடு எதற்கு?

இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற மானுடப் புலங்களில் விமர்சனக் கோட்பாடு உண்மையில் எதையாவது சாதிக்கிறதா, அல்லது கலைச்சொற்களின் குவியல்தானா என்பது கேள்வி.

ஒரு பிரதியையோ (எழுதப்பட்ட படைப்பையோ) நிறுவனத்தையோ இயல்பானது என்று ஏற்றுவிடாமல், எந்த அதிகார உறவுகள் அதைத் தாங்கி நிற்கின்றன என்று கேட்கவைப்பதே அதன் முதன்மையான பணி. ஜெர்மானியத் தத்துவவாதி மாக்ஸ் ஹோர்க்ஹைமர் 1937இல் எழுதிய கட்டுரை, உலகை விவரிப்பதோடு நின்றுவிடும் மரபான கோட்பாட்டிலிருந்து, ஆய்வாளரும் அதே சமூகத்தின் விளைபொருள்தான் என்பதை மறக்காத விமர்சனக் கோட்பாட்டைப் பிரித்துக்காட்டியது. காலனியாதிக்கத்தின் விளைவுகளை ஆராயும் பின்காலனியமும் பெண்ணியமும் இக்கேள்வியைத் தத்தம் திசையில் விரித்தன.

ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ (1814) நாவலைப் பாருங்கள். மாளிகையின் தலைவர் சர் தாமஸ், கரீபியத் தீவான ஆன்டிகுவாவிலுள்ள தம் சொத்தைக் கவனிக்கப் புறப்படுவது அதில் போகிறபோக்கில்தான் வருகிறது. இலக்கிய விமர்சகர் எட்வர்ட் செய்த் 1993இல் அந்தச் சில வரிகளைப் பற்றிக்கொண்டு, மாளிகையின் ஒழுங்கும் அமைதியும் கடலுக்கு அப்பால் அடிமைகள் உழைத்த தோட்டத்தோடு பிணைந்தவை என்று வாசித்தார். நாவலின் நாயகி ஃபேனி அடிமை வணிகம் குறித்துக் கேட்டதும் வீட்டில் நிலவும் மௌனத்துக்கு அவருடைய வாசிப்புக்குப் பின் வேறொரு கனம் வந்துவிட்டது. இத்தனைக்கும் செய்த் அந்நாவலை நிராகரிக்கவில்லை. அவரை மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

குறைகளும் உண்டு. எதையும் சந்தேகிக்கும் இந்தப் பழக்கம் பருவநிலை அறிவியலை மறுப்பவர்களின் கையிலும் கருவியாகிவிட்டதே என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூனோ லத்தூர் 2004இல் கவலைப்பட்டார். என் பார்வையில், முடிவை முன்பே வைத்துக்கொண்டு பிரதியை அதற்குள் திணிக்கும் ஆய்வேடுகளே இத்துறைக்குக் கூடுதலான கெட்ட பெயரைத் தேடித் தருகின்றன.