சிறு பியர் ஆலைகளின் ஏல் போத்தல்களைச் சுவைத்து மதிப்பெண் போடுவது எப்படி?

இங்கிலாந்திலிருந்து உறவினர் கொண்டுவந்த நாலு ஏல் (ஒருவகைப் பியர்) போத்தல்களை நுவரெலியாவில் வைத்துக்கொண்டு, எதற்கு எவ்வளவு மதிப்பெண் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் குளிரைக் கவனியுங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் ஏலின் மணம் எழும்பாது. 10 முதல் 13 பாகை போதும். உங்கள் ஊர் இரவுக்கு அலுமாரியே அந்தக் குளிரைத் தந்துவிடும். வெளிச்சம் மட்டும் படக்கூடாது. பச்சை, வெள்ளைப் போத்தல்களில் வெயில் பட்டால் ஹொப்ஸ் (பியருக்குக் கசப்புத் தரும் பூ) கெட்டு ஒரு நாற்றம் வரும். அடியில் ஈஸ்ட் படிந்திருந்தால் ஒருநாள் நிமிர்த்தி வைத்து, மெதுவாக ஊற்றி, கடைசி வாயை விட்டுவிடுங்கள்.

மென்மையானதில் தொடங்கிக் கடுமையானதுக்குப் போங்கள். ஒப்பிட நம்ம லயன் ஸ்டவுட் என்ற கறுப்புப் பியரையும் சேர்ப்பதென்றால் அது கடைசியில்தான், அதில் மதுசாரம் 8.8 சதவீதம், முன்னால் வந்தால் மற்றதெல்லாம் தண்ணீராகத் தெரியும்.

தேயிலைத் தொழிற்சாலையில் சுவை பார்ப்பவர் உறிஞ்சித் துப்புவார். இங்கே கட்டாயம் விழுங்க வேண்டும், கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது அப்புறம்தான் தெரியும்.

பத்துக்கு மதிப்பெண் போட்டால் நான் மணத்துக்கு மூன்று, சுவைக்கு நாலு, பின்சுவைக்கு மூன்று கொடுப்பேன். நிறத்துக்கு எதுவும் இல்லை. நனைந்த காட்போட் வாசம் வந்தால் பழசாகிவிட்டது என்று அர்த்தம், அந்தப் போத்தலை வைத்து ஆலையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மைல்ட் என்ற போதை குறைந்த ஏல் வகையை மைல்டோடுதான் ஒப்பிட வேண்டும். போதை குறைவு என்று மதிப்பெண்ணை வெட்டுவது நியாயமே இல்லை.