டெங்கு வந்துட்டு போன பையனுக்கு ஆன்டிபாடி இருக்குமே, மறுபடி எப்படி டெங்கு?

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 11 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி டெங்கு வந்துச்சு. இப்ப மூணு நாளா காய்ச்சல், ரிப்போர்ட்ல என்எஸ்1 பாசிட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். ஐஜிஜி இருந்தா எதிர்ப்பு சக்தி இருக்குன்னு தானே அர்த்தம்?

பதில்: இல்லம்மா, இந்த ரிப்போர்ட்ட அப்படி எடுத்துக்காதீங்க. என்எஸ்1ங்கறது டெங்கு வைரஸோட ஒரு புரதம், அது பாசிட்டிவ்னா வைரஸ் இப்ப ரத்தத்துல இருக்கு, ஐஜிஎம், ஐஜிஜி ரெண்டும் கிருமிய எதிர்க்க உடம்பு செய்யற ஆன்டிபாடிங்க, புதுசா தொற்று வந்தா முதல்ல வர்றது ஐஜிஎம், அது வர நாலஞ்சு நாள் ஆகும் அதான் நெகட்டிவ், மூணாவது நாளே ஐஜிஜி இருக்குன்னா அது பழைய டெங்குவோட தடம், அதாவது இது ரெண்டாவது தடவை.

ஐஜிஜி ஆன்டிபாடிய ஒரு கவட்டைக் கம்பு மாதிரி நினைச்சுக்கோங்க. நாலு புரதச் சங்கிலி சேர்ந்து செஞ்சது, பெருசு ரெண்டு சின்னது ரெண்டு. மேல ரெண்டு கிளை, ஒவ்வொரு கிளை நுனியிலயும் ஆறு சின்ன வளைவு, அந்த வளைவுங்க தான் கிருமிய தடவிப்பார்த்து அடையாளம் கண்டுபிடிக்குது. கிருமி முழுசையும் அது பார்க்கறதில்ல, மேல்தோல்ல ஒரு குட்டி மேடுபள்ளம், அந்த வடிவம் பொருந்தணும், மின்னூட்டமும் ஒத்துப்போகணும், அப்பதான் கெட்டியா ஒட்டும்.

டெங்கு வைரஸ்ல நாலு வகை இருக்கு, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயல் ஆனா அந்த மேடுபள்ளத்துல வித்தியாசம் உண்டு. போன தடவை வந்த வகைக்குன்னு உருவான ஆன்டிபாடி, இப்ப வந்த வேற வகைமேல அரைகுறையா ஒட்டும், ஆனா அத முடக்க முடியாது. இங்கதான் ஆபத்து. கவட்டையோட கீழ்க்கைப்பிடிய பிடிச்சு உள்ள இழுக்கறதுக்குன்னே சில வெள்ளை அணுக்கள்ல கொக்கி இருக்கு, அது ஆன்டிபாடியோட சேர்த்து உயிரோட இருக்கற வைரஸையும் உள்ள இழுத்துக்கும், வைரஸ் அங்கயே பெருகிடும். ரெண்டாவது டெங்கு சிலருக்கு கடுமையா போறதுக்கு இது முக்கிய காரணம், எல்லாருக்கும் அப்படி ஆகாது, பயப்படாதீங்க, ஆனா வீட்லயே வச்சு பார்த்துக்காதீங்க.

இன்னைக்கே குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, ரத்தத்துல பிளேட்லெட் மட்டும் இல்ல, பிசிவியும் (ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்ங்கற அளவு) தினமும் பார்க்கச் சொல்லுங்க. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், புரூஃபென், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். காய்ச்சல் விட்டதும் சரியாயிடுச்சுன்னு ஸ்கூலுக்கு அனுப்பிடாதீங்க, விட்ட பிறகு வர்ற ரெண்டு நாள் தான் ரொம்ப கவனமா இருக்கணும். வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், சோர்ந்து படுத்துக்கறது, ஆறு மணி நேரமா ஒன்னுக்கு போகலை, இதுல ஒன்னு இருந்தாலும் ராத்திரின்னு பார்க்காம ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.