அரைத்த மாவு ஏன் கசக்கிறது?

கேள்வி: கோதுமையை மொத்தமாக அரைத்து வைத்தால் சீக்கிரமே மாவு கசக்கிறது, வண்டும் வருகிறது. என்ன செய்வது?

பதில்: மொத்தமாக அரைப்பதுதான் சிக்கல். கோதுமையின் முளைப்பகுதியில் எண்ணெய் இருக்கிறது, அரைத்ததும் அது காற்றுப்பட்டுக் காறல் வாடை அடித்துக் கசக்கத் தொடங்கும். முளையும் தவிடும் நீக்கிய மைதா அதனால்தான் கூடுதல் நாள் தாங்குகிறது. கோதுமையாகவே வைத்திருந்து, இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் அரையுங்கள். அரைத்த சூட்டோடு டப்பாவை மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்த்து மாவு கட்டி தட்டும், அகலமாகப் பரப்பி நன்றாக ஆறவிட்டு அப்புறம் மூடுங்கள். வண்டு முட்டை சாக, மாவைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் நான்கு நாள் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்கவே கூடாது, குளிர் விடட்டும், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். கசந்த மாவைச் சலித்துப் பயனில்லை, கொட்டிவிடுங்கள்.