சீனி ஏறுனா பொறுக்கலாம், இறங்குனா பொறுக்க முடியாது: பூனைக்கு இனிப்பு நீர் – வாசகர் கேள்வி பதில்

போன மாசம், பூனை மங்கு மங்கா (கிண்ணம் கிண்ணமா) தண்ணி குடிச்சா ஏன் உடனே வெட்கிட்ட (விலங்கு டாக்டர்கிட்ட) தூக்கிட்டு போகணும்னு எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கடிதத்துல முக்காவாசி "ஆமாக்கா, எங்க பூனைக்கும் இனிப்பு நீராம் (சர்க்கரை வியாதி), இப்ப என்ன செய்யறது"ன்னுதான். அதனால இந்த மாசம் பக்கம் முழுக்க இதுக்கே. நான் டாக்டர் இல்ல. மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ஒரு வெட் கிளினிக்ல 18 வருஷமா உதவியாளா இருக்கேன், எங்க வீட்டு பூனை கருப்பனுக்கு நாலு வருஷம் என் கையாலயே இன்சுலின் ஊசி போட்டிருக்கேன். எத்தன யூனிட்டுன்னு முடிவு பண்ண வேண்டியது உங்க வெட்தான். அத வீட்டுல எப்படி தவறாம கொண்டு போறதுன்னுதான் நான் சொல்ல முடியும்.

கேள்வி: அக்கா வணக்கம். எங்க டைகருக்கு 11 வயசு, ஆண் பூனை, அறுவை செஞ்சது, நல்லா குண்டு, 6.8 கிலோ. வெட் காலையில ஒரு யூனிட், சாயங்காலம் ஒரு யூனிட் போட சொன்னாங்க. நாலாவது நாள் அப்பாவோட சுகர் மிஷின்ல பாத்தேன், 19 (mmol/L கணக்குல) காட்டுச்சு. பயந்துட்டேன். ரெண்டாக்கினேன், அப்பவும் 17, சரின்னு மூணாக்கிட்டேன். நேத்து மத்தியானம் குடிகாரன் மாதிரி தள்ளாடுறான், பின்னங்கால் நிக்கல. சாதம் வச்சேன், தின்னான், சரியாயிட்டான். இப்ப மூணையே தொடரட்டுமா?
– ஒரு வாசகி, தோட்டப் பிரிவு

பதில்: தொடராதீங்க தங்கச்சி. இத படிக்கற வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே போன் போட்டு ஊசிய நிறுத்தி வைக்க சொல்லிட்டேன், மத்தவங்களுக்கும் வேணும்னுதான் இங்க விவரமா எழுதறேன்.

டைகருக்கு வந்தது சீனி இறங்கின மயக்கம். தள்ளாட்டம், திடீர் பசி, உடம்பு வெடவெடன்னு ஆடறது, கூப்பிட்டா திரும்பாம ஒரே பக்கமா பாத்துட்டு நிக்கறது, இன்னும் இறங்குனா வலிப்பு, அதுக்கு மேல உயிரே போயிடும். சீனி 19ல நாலு நாள் இருந்தா பூனை தண்ணி குடிக்கும், மூத்திரம் போகும், இளைக்கும், ஆனா உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கு. கீழ இறங்கிட்டா அந்த நேரமே கிடையாது. இந்த ஒன்ன மட்டும் ஞாபகத்துல வச்சுக்கிட்டா போதும், பாதி தப்பு நடக்காது.

நாலாவது நாள் 19 காட்டினா மருந்து வேலை செய்யலன்னு அர்த்தம் இல்ல. இன்சுலின் உடம்புல படிய ஒரு வாரம், ரெண்டு வாரம் ஆகும், அதனாலதான் வெட் ஒன்னு ரெண்டு வாரம் கழிச்சு வர சொல்றாங்க, அப்பவும் அரை யூனிட், ஒரு யூனிட்னுதான் ஏத்துவாங்க. நீங்க ஒரே வாரத்துல மூணு மடங்காக்கிட்டீங்க. இன்னொன்னு, பூனை பயந்தாலே சீனி ஏறும், கூண்டுல அடைச்சு லாரி சத்தத்துல கிளினிக் வந்த பூனைக்கு இனிப்பு நீர் இல்லாமலே ஏறி நிக்கும். அதுக்குத்தான் ஃபுருக்டோசமைன்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, முன்னாடி ஒன்னு ரெண்டு வாரம் சராசரியா சீனி எப்படி இருந்துச்சுன்னு அது சொல்லும். ஒரு நாள் நம்பர பாத்து டோஸ மாத்தக் கூடாது.

தள்ளாட்டம் வந்தா என்ன செய்யணும்? முழுங்கற நிலையில இருந்தா உடனே சாப்பாடு, எது கிடைச்சாலும் சரி, அந்த நேரத்துல பத்தியம் பாக்காதீங்க. முழுங்க முடியலன்னா தேனோ சீனித் தண்ணியோ விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. வாயில ஊத்தாதீங்க, நுரையீரலுக்கு போயிடும், பல்லுக்கு நடுவுல விரல விடாதீங்க, வலிப்புல கடிச்சா விடாது. தெளிஞ்சதும் சாப்பாடு வச்சு, தெளிஞ்சிருச்சேன்னு விட்டுடாம வெட்கிட்ட போங்க, ஏன்னா ஊசி மருந்து இன்னும் பல மணி நேரம் உடம்புல வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும். அடுத்த ஊசி வெட்கிட்ட கேக்காம கிடையாது. எங்க ஊர்க்காரங்களுக்கு ராத்திரின்னா ஈப்போவுக்கு வண்டி ஓட்டணும், அதனால எந்த கிளினிக் ராத்திரி தெறந்திருக்கும்னு இப்பவே விசாரிச்சு நம்பர பிரிட்ஜ் கதவுல ஒட்டி வைங்க.

அப்பாவோட மிஷின்ல பாக்கறது தப்பில்ல, ஆனா மனுசங்க மிஷின் பூனை ரத்தத்துக்கு பொதுவா கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும். பூனைக்குன்னே செஞ்ச மிஷினும் இருக்கு. எதுல பாத்தாலும் எப்பவும் அதே மிஷின்ல பாருங்க, எதுன்னு வெட்கிட்ட சொல்லிடுங்க. 4க்கு (mmol/L) கீழ காட்டினா ஊசி போடாம உடனே போன் பண்ணுங்க, அதுக்கு மேலயும் எந்த நம்பர் வரைக்கும் ஊசி போடக் கூடாதுன்னு வெட்கிட்ட முன்னாடியே கேட்டு வைங்க. குத்தறது காது ஓரத்துல, வெதுவெதுப்பான துணிய அரை நிமிஷம் வச்சு எடுத்தா ரத்தம் சுலபமா வரும், காதுக்கு பின்னாடி பஞ்ச வச்சுக்கிட்டா உங்க விரல்ல குத்தாது. ஊசி போட்டு நாலுல இருந்து எட்டு மணி நேரத்துலதான் சீனி ரொம்ப கீழ இருக்கும், அத தெரிஞ்சுக்காம காலையில மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம்.

கருப்பன் கதைய சொல்லணும். ஒரு நாள் விடிகாலையில வீட்டுக்காரர் பெரட்டுக்கு (தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்கறதுக்கு) கிளம்பறதுக்கு முன்ன ஊசிய போட்டுட்டாரு, எனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான் போட்டாரு, சொல்ல மறந்துட்டாரு. நான் 6 மணிக்கு எழுந்து திரும்பவும் போட்டேன். 10 மணிக்கு கருப்பன் அடுப்படியில ஒருக்களிச்சு கிடந்தான், கண்ணு தெறந்திருக்கு, பார்வை இல்ல. தேன தடவிக்கிட்டே மடியில வச்சு கிளினிக்குக்கு ஓடினோம், அன்னிக்கு பொழச்சுட்டான். அதுலருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டு, நூல்ல பென்சில் கட்டி பிரிட்ஜ் கதவுல தொங்குது: தேதி, மணி, எத்தன யூனிட், எவ்வளவு தின்னான், யார் போட்டது. போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா அந்த வேளைய விட்டுடணும். ஊசி குத்தி ரோமம் ஈரமானா, மருந்து உள்ள போச்சா வெளிய போச்சான்னு தெரியாது, அப்பவும் திரும்ப போடாதீங்க. ஒரு வேளை விட்டுப்போனா ஒன்னும் ஆகாது. ரெண்டு தடவ போனா என்ன ஆகும்னு நான் பாத்துட்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்ல) இன்சுலின் பேனா தர்றாங்க, பிரிட்ஜ்ல நிறைய இருக்கு. இன்சுலின் எல்லாம் ஒன்னுதானே, பூனைக்கு ஒரு யூனிட்தானே, அதுலயே எடுத்துக்கலாமா?
– தாமான் வாசகர்

பதில்: நம்ம வீடுகள்ல இது ரொம்ப சகஜமான கேள்வி, 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவுல பெரியவங்கள்ல 15.6 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர், கிட்டத்தட்ட ஆறு பேர்ல ஒருத்தர், அதனால நிறைய வீட்டு பிரிட்ஜ்ல பேனா இருக்கும். ஆனா எடுக்காதீங்க அண்ணே. இன்சுலின்ல பல வகை இருக்கு, சிலது சட்டுன்னு வேலை செஞ்சு முடிஞ்சுடும், சிலது ரெண்டு வகைய கலந்து வர்றது, மனுசங்க உடம்புல நாள் பூரா நிக்கற மருந்து பூனை உடம்புல சில மணி நேரத்துலயே தீந்துடலாம். அப்பாவோட மருந்து அப்பாவுக்கு.

கிளார்ஜின்னு ஒன்னு மனுசங்களுக்கும் வருது, பூனைக்கும் வெட் எழுதி தருவாங்க, அது ஒரு மில்லியில 100 யூனிட். கேனின்சுலின் மாதிரி விலங்குக்குன்னே வர்றது ஒரு மில்லியில 40 யூனிட். சிரிஞ்சும் அதுக்கு தகுந்த மாதிரி தனித்தனி, 40க்கு பொதுவா சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 மருந்த 40 சிரிஞ்சுல ஒரு கோடு இழுத்தா ஒரு யூனிட் இல்ல, 2.5 யூனிட். தலைகீழா இழுத்தா 0.4தான் போகும். பார்மசில "இன்சுலின் ஊசி"ன்னு கேட்டா கையில கிடைச்சத கொடுத்துடுவாங்க, அதனால பழைய சிரிஞ்சையும் மருந்து பெட்டியையும் கையோட எடுத்துட்டு போய் காட்டி வாங்குங்க.

கேனின்சுலின பால் மாதிரி ஒரே சீரா கலங்கற வரைக்கும் குலுக்கணும், கிளார்ஜின குலுக்கவே கூடாது, அது தெளிஞ்ச தண்ணி மாதிரி இருக்கணும், கலங்கியிருந்தா தூக்கி போடணும். பிரிட்ஜ்ல நடுத்தட்டுல வைங்க, ஐஸ் கட்டற இடத்துல வேணாம், உறைஞ்ச மருந்து உதவாது. மத்தியான வெயில்ல காருக்குள்ள விட்டுட்டு பாசாருக்கு போயிடாதீங்க.

கேள்வி: எங்க சின்னு பொறந்ததுலருந்து சாதமும் அவிச்ச கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனும்தான். வெட் டின் சாப்பாடு கொடுக்க சொல்றாங்க, அது விலை. சாதத்த மட்டும் நிறுத்திட்டு மீன் மட்டும் கொடுக்கட்டுமா? ராத்திரிக்கு கிபிள் (பாக்கெட்டுல வர்ற உலர்ந்த உருண்டைத் தீனி) இருக்கு.
– ஒரு அம்மா

பதில்: சாதத்த நிறுத்தணும்னு நினைச்சது சரிம்மா. பூனை மாமிசம் தின்னே வாழற ஜீவன், சாதம் அதுக்கு நேரா சீனிதான். ஆனா மீன் மட்டும்னா சுண்ணாம்புச் சத்து பத்தாது, பச்சை மீன்னா இன்னும் மோசம், பல மீன்ல இருக்கற ஒரு பொருள் பி1 வைட்டமின அழிச்சுடும். மீன் கொழம்புல கழுவி எடுத்து கொடுக்கறதும் வேணாம், வெங்காயமும் பூண்டும் பூனையோட ரத்தத்த கெடுக்கும். சார்டின் டின் மனுசங்களுக்கு செஞ்சது, உப்பும் தக்காளி சாறும்.

கிபிள் விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. அந்த உருண்டை உருண்டையா நிக்கணும்னா மாவு சேத்தே ஆகணும். பாக்கெட்டுல மாவுச் சத்து எவ்வளவுன்னு போட மாட்டாங்க, நாமதான் கண்டுபிடிக்கணும்: புரதம், கொழுப்பு, நார், சாம்பல் (தாதுச் சத்து), ஈரம் எல்லாத்தையும் கூட்டி 100ல கழிங்க. உதாரணத்துக்கு ஒரு கிபிள்ல 32, 12, 4, 8, 10ன்னு இருந்தா கூட்டி 66, மிச்சம் 34 மாவு. ஒரு டின்ல 10, 5, 1, 2, 80ன்னு இருந்தா கூட்டி 98, மிச்சம் ரெண்டே ரெண்டு. ஈரத்த விட்டுட்டு பாத்தாலும் அது பத்து சதவீதம்தான், கிபிள் 38கிட்ட வரும். டின்லயும் அரைச்ச பசை மாதிரி இருக்கறத எடுங்க, கொழகொழன்னு கொழம்போட வர்றதுல மாவு கலந்திருக்கும். முழுசா டின் வாங்க கட்டுபடியாகலன்னா வெளிப்படையா வெட்கிட்ட சொல்லுங்க, வெக்கப்பட ஒன்னும் இல்ல, மாவு குறைஞ்ச கிபிள் எது, எத்தன கிராம்னு அவங்க சேத்து கணக்கு போட்டு தருவாங்க. சிறுநீரகமும் கெட்டிருந்தா கணக்கே வேற, அதையும் அவங்கதான் பாக்கணும்.

இப்ப முக்கியமானது: ஊசி ஓடிக்கிட்டு இருக்கும்போது சாதத்த நாளைக்கே நிறுத்திடாதீங்க. சாதம் தின்ன சின்னுவுக்கு போட்ட டோஸ், சாதம் இல்லாத சின்னுவுக்கு அதிகம், சடார்னு இறங்கிடும். வெட்கிட்ட சொல்லிட்டு கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, அந்த வாரம் சீனிய அடிக்கடி பாருங்க. குண்டா இருக்கேன்னு பட்டினியும் போடாதீங்க, குண்டு பூனை ரெண்டு மூணு நாள் தின்னாம இருந்தா ஈரல்ல கொழுப்பு ஏறி அதுலயே போயிடும். தீபாவளிக்கு வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க கையிலருந்து கேக்கும் அதிரசமும் போகாம பாத்துக்குங்க.

கேள்வி: எனக்கு பேக்டரில ஷிப்டு, வாரா வாரம் மாறும், ஓவர்டைமும் உண்டு. 12 மணி நேரத்துக்கு ஒரு தடவன்னு எப்படி போடுவேன்?

பதில்: அரை மணி, ஒரு மணி முன்ன பின்ன ஆனா பரவால்ல. ஷிப்டு மாறும்போது ஒரே நாள்ல இழுக்காம தினம் அரை மணியா நகத்துங்க, அது முடியாதுன்னா பக்கத்து வீட்டு பிள்ளைக்கு கத்துக் கொடுங்க, 15 வயசு பிள்ளை அழகா போட்டுடும். பிடரியிலயே குத்தாம விலாப் பக்கம், தொடைக்கு முன்னாடி தோல தூக்கி இடம் மாத்தி மாத்தி குத்தணும். முதல்ல சாப்பாடு வைங்க, தின்ன ஆரம்பிச்சதும் ஊசி. தின்னலன்னா ஊசி இல்ல, போன். குத்தின ஊசிய குப்பைக்கூடையில போடாதீங்க, அள்ளறவங்க கையில ஏறும், கெட்டி பிளாஸ்டிக் போத்தல்ல போட்டு மூடி கிளினிக்ல கொடுத்துடுங்க.

கேள்வி: பாவக்காய் சாறு, வெந்தயத் தண்ணி பூனைக்கு கொடுக்கலாமா? ஊசிய நிறுத்திடலாம்னு பாக்கறோம்.

பதில்: வேணாம்யா. ஊசிய நிறுத்தி சாற கொடுத்து ஒரு வாரம் கழிச்சு தூக்கிட்டு வர்ற பூனைய நான் பாத்திருக்கேன், வாந்தி, சாப்பாடு இல்ல, மூச்சுல ஒரு மாதிரி பழ வாடை, அது உடம்பு கொழுப்ப எரிச்சு ரத்தம் அமிலமாகற நிலை, ஆஸ்பத்திரில டிரிப் போட்டாலும் எல்லாம் பொழைக்கறதில்ல.

கேள்வி: மூணு மாசமா ஊசி, டின் சாப்பாடு. இப்ப எங்க ராணிக்கு சீனி 5, 6ன்னு வருது, முன்னெல்லாம் குதிகால தரையில ஊனி நடப்பா, இப்ப நேரா நடக்கறா. குணமாயிடுச்சா அக்கா?

பதில்: படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு தங்கச்சி, நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்க. ஆமா, சீக்கிரமே கண்டுபிடிச்சு, ஊசியும் சாப்பாடும் சரியா போனா சில பூனைகளுக்கு ஊசியே தேவையில்லாம போகும். எங்க கருப்பனுக்கு அது வாய்க்கல, கடைசி வரைக்கும் ஊசிதான். ராணிக்கு வாய்க்கலாம். ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, அதே டோஸையும் பேசாம தொடராதீங்க, 5 காட்டற பூனைக்கு பழைய டோஸ் அதிகமா இருக்கலாம். இந்த வாரமே நோட்டோட வெட்கிட்ட போங்க, படிப்படியா குறைப்பாங்க. ஊசி நின்னதுக்கப்புறமும் சாதம் பக்கம் போகாதீங்க, ஏதாவது வீக்கம், அரிப்புன்னு ஸ்டீராய்டு ஊசி போட வந்தா ராணிக்கு இனிப்பு நீர் இருந்துச்சுன்னு முதல்லயே சொல்லிடுங்க, அது திரும்ப கிளப்பிவிட்டுடும். தண்ணி மங்க தினம் ஒரே அளவுல ரொப்பி வைங்க, என்னிக்காவது வழக்கத்தவிட சீக்கிரம் காலியாச்சுன்னா அன்னிக்கே போன் பண்ணுங்க.